தௌலத் பேகத்தின் மௌத்துச் செய்தி

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற சாலையில், ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், கரிசல் காட்டுக்குள் ஒரு பாறை கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் ஜன்னலே இல்லாத ஒரு சின்னக் கட்டிடம். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஊருக்குள் அது பூகம்ப வீடு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சபியுல்லா, பூகம்பம் பாய்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சபியுல்லா எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனிதர். வேலையும் அப்படிப்பட்ட வேலைதான். உள்ளே கருவி வைத்திருக்கும் தூண் கட்டிடத்தோடு ஒட்டாமல் பாறையிலிருந்தே எழும்பி நிற்கும். பாறையில் எது அசைந்தாலும் அடுத்த அறையில் சுழல்கிற உருளைத் தாளில் ஒரு முள் அதை மையால் எழுதிவிடும். செருப்புக் காலோடு நடந்தாலும் எழுதும், ஆடு வந்து சுவரில் முதுகு தேய்த்தாலும் எழுதும். ஐந்து வருஷத்தில் அவருக்கு அந்தக் கோடுகள் தெரிந்த முகங்களாகிவிட்டன. இது விடியக்காலை ரயில், இது கல்குவாரி வெடி, இது பக்கத்துக் காட்டு டிராக்டர் என்று தாளைப் பார்த்தே சொல்லுவார்.

எதுவும் அசையாத நேரத்திலும் கோடு நேராக இருக்காது. ஓர் ஓரமாக, ஓயாமல், மெல்ல நெளிந்துகொண்டே போகும். கருவியை நிறுவ வந்த விஞ்ஞானி சத்யபிரியாவிடம் முதல் வாரமே அதைக் கேட்டார்.

"இது என்னம்மா? பழுதா?"

"பழுது இல்ல பாய். அது கடல். அலை கரையில அடிக்கிற அதிர்ச்சி பாறைக்குள்ளயே நடந்து இங்க வரைக்கும் வருது."

கடல் அங்கிருந்து அறுபது கிலோமீட்டர். சபியுல்லாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. காலுக்கு அடியில் கடல் நடந்து வருகிறது என்றால் யாருக்குத்தான் இறங்கும்? பிறகு பழகிவிட்டது. மகள் நுஸைபாவை நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த நெளிவு அவருக்குப் பிடித்தமானதாகவே ஆகிவிட்டது. சுபுஹு தொழுதுவிட்டு வந்து அதைப் பார்ப்பார். மெலிசாக இருந்தால், கடல் சும்மா கிடக்கிறது, பிள்ளை நல்லாயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

பழகாதது ஒன்று உண்டு. 2001 ஜனவரியில் ஒரு காலையில் முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் குறித்தார். டீயைக் குடித்தும் முடித்தார். அன்று சாயங்காலம்தான் குஜராத்தில் ஊர் ஊராக மண்ணுக்குள் போன செய்தி வந்தது. அத்தனை பேர் செத்துக்கொண்டிருந்ததைத் தான் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம் என்ற நினைப்பு அவரை விடவில்லை. அந்தத் தவிப்பில் மறுநாள் டீக்கடையில், "இன்னும் வரும்னு நினைக்கேன், எல்லாரும் சாக்கிரதையா இருங்க" என்று சொல்லி வைத்தார். அது ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய், பதினொரு மணிக்குப் பூமி பிளக்கப் போகிறது என்று ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குள் நுழைந்தது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். சந்தனமாரி என்கிற பெண் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பூமி அது பாட்டுக்குக் கிடந்தது. மேலிடத்திலிருந்து, பொதுமக்களிடம் எதுவும் பேசக்கூடாது என்று சபியுல்லாவுக்கு ஒரு கடிதம் வந்தது.

சந்தனமாரி இரண்டு வருஷம் படுத்து எழுந்தாள். ஊன்றுகோலோடு நடந்தாள். ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் சாலை முக்கில் அவளுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் சபியுல்லா இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் அவள் பூத்தில் வைத்துவிட்டு வருவார். அவளும் தினமும் அவரை ஒரு கேலி செய்யாமல் விடமாட்டாள்.

இனி, 2004 டிசம்பர் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

காலை ஆறு முப்பத்து மூன்றுக்கு முள் லேசாகத் துடித்தது. சபியுல்லா உருளைக்கு எதிரே நின்று மணியைக் குறித்தார். துடிப்பு நிற்கவில்லை. மூன்றரை நிமிஷம் கழித்துப் பெரிய ஆட்டம் வந்தது. முள் இந்த ஓரத்தில் முட்டி அந்த ஓரத்தில் முட்டி, மேல் வரியையும் கீழ் வரியையும் ஒன்றாக்கி, மையைத் தெளித்து, கடைசியில் தாளையே கிழித்தது.

அவருடைய வெறுங்கால் தரையில்தான் இருந்தது. தரை அசையவில்லை. மூலையில் இருந்த தூக்குவாளித் தண்ணீரில்கூட ஒரு வளையம் இல்லை. வெளியே யாரோ ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. இருட்டு அறையில் அந்த முள் மட்டும், யாரோ தூரத்தில் இருந்து அதன் கையைப் பிடித்து எழுதுவது போல, எழுதிக்கொண்டேயிருந்தது.

சுவரில் உலகப் படம் இருந்தது. கோவில்பட்டியில் ஒரு ஊசி, ஊசியில் ஒரு நூல், நூலில் முடிச்சுகள். முதல் துடிப்புக்கும் பெரிய ஆட்டத்துக்கும் எத்தனை நேரம் என்று பார்த்து, அந்த முடிச்சைப் பிடித்து நூலைச் சுற்றினால், அந்த வட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் பூமி அசைந்திருக்கிறது என்று அர்த்தம். சத்யபிரியா கற்றுக்கொடுத்த கணக்கு. மூன்றரை நிமிஷத்து முடிச்சு, இரண்டாயிரம் கிலோமீட்டர்.

அப்போது அவருடைய மனைவி தௌலத் பேகம் டீயோடு வந்தாள்.

"என்னங்க, பேயறஞ்ச மாதிரி நிக்கிய?"

"மெஷினு எழுதிட்டு, தௌலத்து."

"ரயிலா?"

"ரயிலு இல்ல. குஜராத்து மாதிரி. அதைவிடப் பெருசு."

"யா அல்லா. எங்கன?"

அவர் நூலைச் சுற்றிக் காட்டினார். "இந்த வட்டத்துல எங்கயோ. வடக்க இமயமலையா இருக்கலாம். இந்தப் பக்கம் பர்மாவா இருக்கலாம். மிச்சமெல்லாம் தண்ணி."

"தண்ணிக்குள்ளன்னா நல்லதுதானே? அங்கன ஆளு கெடையாதுல்லா."

 சபியுல்லாவுக்குச் சத்யபிரியா சொன்னது நெஞ்சுக்குள் வந்து நின்றது.

கருவி வைத்த புதிதில் அவளைக் கடலைமிட்டாய் போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். கருப்பட்டிப் பாகு பெரிய சட்டியில் கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏடு படிந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தவள் நிமிரவேயில்லை. கிண்டுகிற லிங்கராஜ், "ஏக்கா, ஈ எதுவும் விழுந்துட்டா?" என்று பதறிப்போனான்.

"பாருங்க பாய்," என்றாள் அவள். "நடுவுல பொங்குற எடத்துல ஏடு பிளக்குது. அங்க புது ஏடு பிறக்குது. அது ரெண்டு பக்கமும் நகர்ந்து போய், ஓரத்துல மடங்கி உள்ள முங்குது. கடலோட அடித்தரையும் இதேதான். நடுக்கடல்ல மலை மலையா ஒரு பிளவு இருக்கு, அதுல புதுத்தரை பிறந்துக்கிட்டே இருக்கு. நகர்ந்து நகர்ந்து, ஆறி, கனத்து, ஒரு ஓரத்துல பூமிக்குள்ள இறங்கிடுது. கண்டங்கள் எல்லாம் மேல கிடக்கிற கடலைப்பருப்பு மாதிரி. முங்காது. ஏடு போற பக்கம் சும்மா போகும்."

"நாமளுமா?"

"நாமளும்தான். நீங்க நிக்கிற பாறை ஒரு காலத்துல மடகாஸ்கரோட ஒட்டிக் கிடந்தது. பிரிஞ்சு கோடிக்கணக்கான வருஷமாச்சு. இப்பவும் வருஷத்துக்கு ஒரு தீக்குச்சி நீளம் வடகிழக்கால போயிட்டிருக்கோம்."

"எங்க வாப்பாவ அடக்குன கபரும் சேந்தாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. "அதுவும்தான் பாய்" என்றாள். பிறகு தயங்கிச் சொன்னாள். "முங்குற ஓரம் இருக்கே, அங்க மேல் ஏடும் கீழ் ஏடும் சில சமயம் ஒட்டிக்கும். கீழ் ஏடு இழுக்க இழுக்க மேல் ஏடு வளையும். நூறு வருஷம், இருநூறு வருஷம். ஒரு நாள் விட்டுடும். விடும்போது மேல இருக்கிற தண்ணியையே தூக்கி எறிஞ்சிடும். அது ஆழ்கடல்ல விமான வேகத்துல ஓடும், ஆனா கப்பல்ல இருக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. கரைக்கு வந்துதான் எழும்பும்."

"நம்ம பக்கம் வருமா?"

"பழைய பதிவுல ஒண்ணு ரெண்டு இருக்கு. நம்ம ஆயுசுல வராதுன்னுதான் நினைக்கிறேன், பாய்."

இரண்டாயிரம் கிலோமீட்டர். விமான வேகம். மூன்று மணி நேரம். ஒன்பது, ஒன்பதரை. நுஸைபாவின் வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்புதான்.

"வா" என்றார் மனைவியிடம். "போன் போடணும்."

வரப்பு வழியாக நடந்தார்கள். மார்கழி ஈரத்தில் கரிசல் மண் காலைக் கவ்வியது. மல்லிச் செடியும் உளுந்தும் பனியில் நனைந்து நின்றன. காற்று துளிகூட இல்லை. சௌந்தரபாண்டியன் தோட்டத்துக் கிணற்றைத் தாண்டும்போது தௌலத் பேகம் நின்றுவிட்டாள்.

கிணற்றுத் தண்ணீர் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. இந்தச் சுவரில் ஒரு முழம் ஏறி இறங்கும், பிறகு எதிர்ச் சுவரில் ஒரு முழம் ஏறி இறங்கும். கல் விழுந்த வளையம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. சத்தமும் இல்லை. கிணற்றுப் படிகளில் கணக்கில்லாத தவளைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. எல்லாம் மேலே பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் தெருவில் வைத்து அவள் அவர் கையைப் பிடித்தது அன்றுதான்.

சந்தனமாரி பூத்தைத் திறந்து வாசல் தெளித்து முடித்திருந்தாள். "வாங்க பூகம்பம் பாய். என்ன, வெறுங்கையோட வாரிய? குடத்தையும் பூகம்பம் கொண்டுட்டுப் போயிட்டா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவளிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு உடம்பு கூசியது.

"போன தடவ நீங்க சொன்னதுல எனக்கு இடுப்பு போச்சு" என்றாள் சந்தனமாரி. "இந்தத் தடவ என்ன போகணும்?" சொல்லிக்கொண்டே போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நம்பரைச் சொல்லுங்க."

மேலிடத்து எண்ணில் ஒரு காவலாளி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை என்று வைத்துவிட்டான். சத்யபிரியா மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம், எண் தெரியாது. மிச்சம் இருந்தது நுஸைபாவுக்கான எண். அவள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற சூசைமிக்கேலின் போன்தான் அந்தத் தெருவுக்கே போன்.

"ஆரு, நுஸைபாக்க வாப்பாவா? சொல்லும் ஓய்!" என்றான் சூசை. கிறிஸ்மஸ் உற்சாகம் இன்னும் அவன் குரலில் இருந்தது.

சபியுல்லா உண்மையைச் சொன்னார். கடலில் பூகம்பம் வந்திருக்கலாம், தண்ணீர் ஏறலாம், எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல்லு என்றார்.

சூசை விழுந்து விழுந்து சிரித்தான். "கடலா? கடல் தட்டுல ஊத்தி வச்ச பால் மாதிரி கெடக்கு. போனைக் கொண்டுபோய்க் காட்டட்டா, நீரே கேளும்." கடையில் நின்றவர்களிடம் அவன் சொல்வது கேட்டது: "கோவில்பட்டியில ஒரு மெஷினு கடல் வரும்னு சொல்லிச்சாம்லே!" அங்கேயும் சிரிப்பு. பிறகு தணிந்த குரலில், "தப்பா எடுக்காதயும். இன்னிக்கு உம்ம மோளுக்க நாத்தனாரைப் பொண்ணு பாக்க பதினொரு மணிக்கு ஆளு வருது. வீடே அடுப்படியில கெடக்கு. இப்பம் போய் நான் என்ன சொல்லி அவளை அனுப்ப?" என்றான்.

சபியுல்லா போனை வைத்தார். மணி ஏழேகால்.

தௌலத் பேகம் பெஞ்சில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்தாள். "நான் மௌத்தாயிட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ன பேச்சுட்டி இது?"

"சீக்குன்னு சொன்னா மருமகன் மட்டும் பஸ் ஏறி வருவாரு. அதுவும் பொண்ணு பாத்துட்டுப் போன பெறவு. மௌத்துன்னா வீட்டைப் பூட்டாமக்கூடக் கெளம்பிருவாவ. சம்பந்தி வீடு, சொந்தக்காரவிய, எல்லாரும்."

"பொய்யா சொல்லச் சொல்லுத? அதுவும் இந்தப் பொய்யையா? என் வாயால வராது."

"உங்க வாயால வேண்டாம். இந்தப் புள்ள சொல்லட்டும்."

சந்தனமாரி ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாள். "எம்மா, நல்ல நாளும் அதுவுமா..." என்று இழுத்தாள். பிறகு தன்னையே தேற்றிக்கொள்வது போல, "பொய்யாச் சாவு சொன்னா ஆயுசு கெட்டின்னு எங்க ஊருல சொல்லுவாவ" என்று எண்ணைச் சுழற்றினாள்.

"அண்ணாச்சி, கோவில்பட்டியில இருந்து பேசுதேன். சபியுல்லா பாய் சம்சாரம் தவறிட்டாவ... ஆமா அண்ணாச்சி, இப்பத்தான்... மகளைக் கூட்டிட்டு உடனே வாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்குள்ள எடுத்துருவாவளாம்."

 அந்தப் பக்கம் சூசையின் குரல் உடைந்து வந்தது. "அதான் பாவம், அந்த மனுசன் கடலு கிடலுன்னு என்னமோ உளறுனாரு. நான் சிரிச்சுட்டேனே, மாதாவே. வண்டி நான் ஏற்பாடு செய்யுதேன். நானே கூட்டிட்டு வாரேன்."

சந்தனமாரி போனை வைத்தாள். பூத்துக்குள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மௌத்துச் செய்தி காதில் விழுந்தால் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பழகிய வாயால் தௌலத் பேகம் தன்னை அறியாமல், "இன்னாலில்லாஹி" என்று ஆரம்பித்தாள். யாருக்காகச் சொல்கிறோம் என்பது உறைத்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். 

வீட்டுக்குப் போனதும் அவள் பெரிய சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். "மௌத்து வீட்டுக்கு வாரவிய வெறும் வயித்தோட வருவாவ" என்று வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். எப்படியோ செய்தி கசிந்து, தெருவில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். மய்யித்தாகக் கிடக்க வேண்டியவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒருத்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சபியுல்லா பாறைக்குத் திரும்பினார். முள் இன்னும் அடங்கவில்லை. இத்தனை நாள் பழகிய கடலின் நெளிவு எது, இந்த நடுக்கம் எது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கோடு முழுவதும் வேறொன்றாக ஆகியிருந்தது. மணி எட்டானது. எட்டே முக்கால் ஆனது. வண்டி கிளம்பியிருக்குமா? ஒன்றும் நடக்காவிட்டால்? உயிரோடு இருக்கிற மனைவியைக் கொன்றவன் என்று ஊர் காறித் துப்பும். மகளின் நாத்தனாருக்கு அமைய இருந்த சம்பந்தம் கெட்டதற்குக் காரணம் அவராகும். மருமகன் வீட்டார் நுஸைபாவை என்ன பேசுவார்கள்?

கையேந்தினார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. மகள் பிழைக்க வேண்டும் என்று கேட்டால், அலை வரட்டும் என்று கேட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அந்தக் கரையில் எத்தனை பிள்ளைகள். கடைசியில், "ரப்பே, என்னைப் பொய்யனாக்கிரு. ஊரே என்னைச் செருப்பால அடிக்கட்டும். அந்தக் கடலை அங்கனயே வச்சிரு" என்று கேட்டார். அந்த இருட்டில் முள் கரகரவென்று எழுதிக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு டி.வி.யில் சென்னைக் கடற்கரையைக் காட்டினார்கள். கார்கள் மிதந்தன. பிறகு நாகப்பட்டினம் என்றார்கள். பிறகு கன்னியாகுமரி என்றார்கள். சபியுல்லா வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினொன்றேகாலுக்கு ஒரு வேனும் அதன் பின்னால் ஒரு ஜீப்பும் வந்தன. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்த கூட்டம். வழியில் எங்கும் நிற்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. நுஸைபா கைக்குழந்தையோடு இறங்கி, "உம்மா!" என்று அலறியபடி உள்ளே ஓடினாள். அவள் உம்மா கையில் கரண்டியோடு எதிரே வந்தாள்.

சத்தம் அப்படியே நின்றது. நுஸைபா உம்மாவின் முகத்தைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். பிறகு பயந்து, ஓரடி பின்னால் போனாள்.

சம்பந்தியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இதென்ன வெளையாட்டு? எம்மக பொழப்பைக் கெடுக்கதுக்கா? ஒரு மனுசன் பொஞ்சாதி மௌத்துல வெளையாடுவானா?"

 பதிலைப் பக்கத்து வீட்டு டி.வி. சொன்னது. கடல் ஏறிய ஊர்களின் வரிசையில் அவர்களுடைய ஊர்ப் பெயர் மூன்றாவதாக வந்தது.

கூட்டத்தில் யாரோ ஒருவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். சூசைமிக்கேல் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அவன் கூட்டி வந்திருந்தான். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

"நீ ஏம்ப்பா குடும்பத்தோட வந்த?" என்று சபியுல்லா கேட்டார். அவரையறியாமல் கேட்டுவிட்டார்.

"என்ன கேக்குதீரு? எங்க அம்மைக்கு வாதம் வந்து கெடக்கும்போ, உம்ம பெஞ்சாதி மோள் வீட்டுக்கு வந்த எடத்துல எட்டு நாளு எண்ணெ போட்டுக் காலு பிடிச்சு விட்டாவ. வராம இருக்க முடியுமா?"

வேன் ஓட்டி வந்தவன் பிள்ளைக்குத் தௌலத் பேகம் பெருநாள் உடுப்புத் தைத்த மிச்சத் துணியில் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு முந்தின வாரம் கருப்பட்டியும் சுக்கும் கொடுத்துவிட்டிருந்தாள். இன்னொருத்தி, "மோள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கடலைமிட்டாய் தருவாவ, மொகம் கோணாம தருவாவ" என்றாள். இப்படி இருபத்து மூன்று பேர். ஒவ்வொருத்தரையும் அந்தக் கரையிலிருந்து எழுப்பி வண்டியில் ஏற்றியது ஏதோ ஒரு கை எண்ணெய், ஒரு முழத் துணி. அவள் இதையெல்லாம் நினைவில்கூட வைத்திருக்கவில்லை. ஆண்டவன் வைத்திருந்தான்.

தௌலத் பேகம் தட்டுகளை எடுத்து வைத்தாள். யாரும் கை நீட்டவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே மகளின் தெருவை மனசுக்குள் வீடு வீடாக நடந்து வந்தாள். இந்தச் சாரியில் யார் யார், எதிர்ச் சாரியில் யார் யார். வாய் முணுமுணுத்தது. கடைசி வீட்டில் வந்து நின்றாள்.

"நுஸைபா. தோப்பை ஒட்டி, கடைசி வீட்டுல கருவாடு காயப்போடுவாளே. நெட்டையா, காதுல பெரிய ஓட்டையோட. அவளை எங்க?"

நுஸைபா தலையைக் குனிந்தாள். "அவகிட்டச் சொல்லல உம்மா."

"ஏன்?"

"நமக்கும் அவளுக்கும் பேச்சில்லையே. போன தடவ துணியெல்லாம் கருவாட்டு நாத்தம் அடிக்குன்னு நீங்கதானே சத்தம் போட்டிய. அவ என்னவோ கேக்க வந்தா, நீங்க மொகத்தைத் திருப்பிட்டு உள்ள வந்துட்டிய."

தௌலத் பேகம் கையிலிருந்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தாள். "ஆமா" என்றாள். "என்னவோ கேக்கத்தான் வந்தா." பிறகு, "அவ பேரு என்னட்டி?" என்றாள்.

நுஸைபாவுக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவுக்கும் தெரியவில்லை. மூலையில் இருந்த சூசையின் மனைவிதான் சொன்னாள். "பனிமயம்."

"பனிமயம்" என்று தௌலத் பேகம் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். எழுந்து கையைக் கழுவினாள். "வாங்க" என்றாள் கணவரிடம்.

உச்சி வெயிலில் இரண்டு பேரும் பூத்துக்கு நடந்தார்கள். சந்தனமாரி கேள்வி எதுவும் கேட்கவில்லை. காலையில் சுழற்றிய அதே எண்ணைச் சுழற்றி, காதில் வைத்துக் கேட்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு போனைத் தௌலத் பேகத்தின் கையில் கொடுத்தாள்.

"மணி போகுதும்மா."

போனது. கடை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறதோ, தெருவே இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கம்பியின் அந்த நுனியில் மணி அடித்துக்கொண்டிருந்தது. தௌலத் பேகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எடுக்கப்போவது யாராக இருந்தாலும் முதலில் அந்தப் பெயரைத்தான் கேட்க வேண்டும் என்று அவள் உதடுகள் அதைச் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டன.

வெகுநேரம் அடித்து ஓய்ந்தது.

"திரும்பப் போடு தாயி" என்றாள்.

சந்தனமாரி திரும்பப் போட்டாள்.